வேலை பார்த்த உலோகம்

1977இல் வெளிவந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் சி-3பிஓ ரோபோ தலையிலிருந்து பாதம்வரை தங்க நிறம் என்றுதான் பெரும்பாலோர் நினைவில் பதிந்திருக்கிறது. உண்மையில் அதன் வலது காலில் முழங்காலுக்குக் கீழே நிறம் வெள்ளி. படத்தைப் பலமுறை பார்த்தவர்களில்கூட நிறையப் பேர் இதைக் கவனித்ததில்லை. பாலைவனத்து மணலும் பக்கத்துக் காலின் தங்கமும் அந்த வெள்ளிக்குள் விழுந்து அதையும் பொன்னாக்கிவிடுகின்றன. ஏன் அந்தக் கால் மட்டும் வெள்ளி என்று அந்தப் படத்தில் யாரும் விளக்குவதில்லை. எங்கோ எப்போதோ கால் போய், கைக்குக் கிடைத்த வேறொன்றை மாட்டியிருக்கிறார்கள் என்று நாமே ஊகித்துக்கொள்கிறோம். கதை தொடங்குவதற்கு முன்பே அந்த இயந்திரம் எங்கெங்கோ வேலை பார்த்திருக்கிறது, அடிபட்டிருக்கிறது, யாரோ அதைப் பழுதுபார்த்திருக்கிறார்கள்.

கணினியில் நிஜம்போல ஒரு ரோபோவை உருவாக்கும் வேலையில் சில காலமாக இறங்கியிருக்கிறேன். யாரும் கேட்டுச் செய்வதல்ல. விளம்பரத்துக்கோ சினிமாவுக்கோ போகப்போவதும் இல்லை. அசையாத ஒரே ஒரு படம்: கோவைப் பக்கத்து பவுண்டரி ஒன்றில் ஷிஃப்டு முடிந்து சுவரோரம் நிற்கும் ஓர் இயந்திரன். பிழைப்புக்கான வேலைகள் முடிந்தபின், இரவுச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. 'நிஜம்போல' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு மாம்பழத்தை நிஜம்போல வரைந்தால் பக்கத்தில் மாம்பழத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். உலகத்திலேயே இல்லாத ஒன்று எதைப்போல இருந்தால் நிஜம்போல இருக்கும்? அந்தக் கேள்விதான் என்னை இதில் பிடித்து வைத்திருக்கிறது.

பவுண்டரியைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. ஆலைக்குள் நுழைந்த முதல் ரோபோ போனதே வார்ப்பு வேலைக்குத்தான். ஜார்ஜ் டெவோல் கண்டுபிடித்து ஜோசப் எங்கல்பெர்கர் தொழிலாக வளர்த்தெடுத்த யூனிமேட், 1961இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தது. டை-காஸ்டிங் அச்சிலிருந்து சுடச்சுட வெளிவரும் பாகங்களை எடுப்பது அதன் வேலை. தலை கிடையாது, கால் கிடையாது. ஒரு பெட்டி, அதிலிருந்து நீளும் ஒரு கை, அவ்வளவுதான். மனிதர்களின் கை வெந்துபோகும் இடத்தில் நிற்பதற்காக அது வந்தது. தமிழில் ரோபோ என்றதும் சுஜாதாவின் ஜீனோவும் 'எந்திரன்' படத்துச் சிட்டியும் நினைவுக்கு வருகிறார்கள். இருவரையும் எனக்குப் பிடிக்கும். ஆனால் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்து, கை கால் அழுக்கோடு நிற்கும் ரோபோவை நம் கற்பனைகளில் நான் அதிகம் சந்தித்ததில்லை. பம்ப்செட்டும் மோட்டாரும் வார்ப்படமுமாக வளர்ந்த ஊர் கோயம்புத்தூர். அப்படி ஒன்று நம் பக்கம் நிற்குமென்றால் அங்கேதான் நிற்கும் என்று தோன்றியது.

உலோக ரோபோவின் உருவத்தை உலகத்தின் மனத்தில் நட்டுவைத்தது ஃப்ரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபொலிஸ்'. 1927இல் வந்த படம். சி-3பிஓவுக்கும் அதுதான் முன்னோடி. வால்டர் ஷுல்ஸே-மிட்டென்டோர்ஃப் என்ற சிற்பி அந்த உருவத்தைச் செய்தார். நடிகை பிரிகிட்டே ஹெல்மின் உடலைப் பிளாஸ்டரில் அச்செடுத்து, அதன்மேல் பிசைந்து பூசக்கூடிய ஒருவகை மரக்கூழால் கவசத்தை உருவாக்கி, வெள்ளிநிறப் பூச்சு அடித்தார். உள்ளே நின்று நடித்த ஹெல்முக்கு அந்தக் கவசத்தால் உடம்பில் சிராய்ப்புகள். ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக நாம் உலோகம் என்று நம்பிவந்தது மரத்தூள். நம்பவைத்தது அதன்மேல் விழுந்த வெளிச்சம். இரும்பே இல்லாத கணினித் திரையில் இரும்பைச் செய்ய முயலும் எனக்கு அந்தச் சிற்பிமீது தனி மரியாதை இருக்கிறது.

வெளிச்சத்தை வைத்து உலோகம் செய்வதில் கரைகண்டவர் ஜப்பானிய ஓவியர் ஹஜிமே சொராயமா. 1978இல் சன்டோரி நிறுவனத்தின் விளம்பரத்துக்காகத் தன் முதல் ரோபோவை வரைந்தார். 1983இல் வெளியான 'செக்ஸி ரோபோ' என்ற ஓவியத் தொகுப்பு அவரை உலகறியச் செய்தது. சோனியின் ஐபோ நாய்க்கு 1999இல் உருவம் கொடுத்ததும் அவர்தான். குரோம் பூச்சுக்கென்று சொந்த நிறம் கிடையாது என்பதை அந்த ஓவியங்களைப் பார்த்தாலே படித்துக்கொள்ளலாம். மேல்நோக்கிய வளைவில் வானம், கீழ்நோக்கிய வளைவில் தரை, இரண்டும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய கருங்கோடு. சுற்றியுள்ள உலகத்தை ஒழுங்காக வரைந்துவிட்டால் நடுவில் உலோகம் தானாக வந்து உட்கார்ந்துவிடும். அந்தக் கைத்திறனுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த உருவங்களோடு எனக்கு ஒட்டவில்லை. பார்க்கப்படுவதற்கென்றே பிறந்த அந்தப் பெண் உடல்களில் ஒரு கீறல் இல்லை, ஒரு பிசுக்கு இல்லை, யாரும் எதற்காகவும் அவற்றைத் திறந்து மூடிய அடையாளம் இல்லை. பெண்ணை வழவழப்பாக்கி நிறுத்தும் கண்ணும், உழைப்பின் தடயத்தைத் துடைத்துவிடும் கண்ணும் ஒன்றுதான் என்பது என் எண்ணம். ஒரு நாள்கூட வேலை பார்க்காத உலோகத்தை எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் அது கடைக்கண்ணாடிக்குப் பின்னால்தான் நிற்கிறது.

இன்று கணினியில் உலோகத்தின் அடிப்படைத் தன்மையைக் கொண்டுவர ஏர்பிரஷ் காலத்துக் கைவித்தை தேவையில்லை. டிஸ்னியின் பிரென்ட் பர்லி 2012இல் முன்வைத்த ஒரு முறையின் வழித்தோன்றல்கள் பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கின்றன. இந்தப் பரப்பு உலோகமா இல்லையா, எவ்வளவு சொரசொரப்பு, என்ன நிறம் என்று சில கேள்விகளுக்கு எண்களால் பதில் சொன்னால் மிச்சத்தை இயற்பியல் பார்த்துக்கொள்கிறது. பெயின்ட் அடித்த பரப்பில் தெறிக்கும் ஒளிப்பொட்டு விளக்கின் நிறத்திலேயே இருக்கும். செம்பில் தெறிக்கும்போது அந்தப் பொட்டே செம்பு நிறமாகிவிடும். கண்ணாடியை நேராகப் பார்த்தால் ஒரு பரப்பிலிருந்து நூற்றில் நான்கு பங்கு ஒளிதான் திரும்பிவரும். மிகச் சாய்வாகப் பார்த்தால் ஏறக்குறைய அத்தனையும் திரும்பிவிடும். ஃபிரெனெல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்டுவைத்த கணக்கு, இருநூறு ஆண்டு கழித்து என் ரோபோவின் தோளில் ஓடுகிறது.

விளிம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணினியில் ஒரு பெட்டியை வரைந்தால் அதன் விளிம்பு வெறும் கணிதக்கோடு. அகலமே இல்லாத இடத்தில் வெளிச்சம் எங்கே தங்கும்? பட்டறையில் செய்த எந்தப் பொருளின் விளிம்பும், பிசிறு தட்டி அரம் போட்ட பிறகு, துளியாவது உருண்டிருக்கும். அந்த உருட்சியில் ஓர் ஒளிக்கோடு ஓடும். அதைச் சேர்க்கும்வரை என் ரோபோவின் மார்புத்தகடு அட்டையாகத்தான் இருந்தது. சேர்த்ததும் கனம் வந்தது. தூக்கிப் பார்க்காமலே ஒரு பொருளின் எடையைக் கண் உணர்ந்துகொள்வது எப்படி என்று அன்றிரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் சரியாக அமைந்தபிறகு கிடைப்பது ஷோரூம் ரோபோ. அதை வேலைக்கு அனுப்ப வேண்டும். மென்பொருள்களில் இதற்கும் வசதி உண்டு. விளிம்புகளைத் தானே கண்டுபிடித்து எல்லாவற்றிலும் பெயின்ட்டை உரித்துக்கொடுக்கும், குழிகளில் அழுக்கைத் தடவிக்கொடுக்கும். ஒரே சொடுக்கில் பத்து வருடப் பழசு. முதல் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாவது பார்வையில், மேலே கீழே முன்னே பின்னே எல்லா விளிம்பும் ஒரே அளவில் தேய்ந்திருப்பது தெரிந்துவிடும். உலகத்தில் எதுவும் அப்படித் தேய்வதில்லை. தேய்ந்த இடம் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. எது எதன்மேல் உரசியது, எந்தத் திசையில், எவ்வளவு காலம்? இதற்குப் பதில் தெரியாமல் போடும் ஒவ்வொரு கீறலும் பொய்.

பதில் தேடித்தான் கேமராவோடு ஒரு சிறிய பவுண்டரிக்குப் போனேன். வார்ப்பு மண்ணைக் கலக்கும் ஒரு பழைய மெஷினைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்தபடி ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். பல காலமாக அங்கே பிட்டர். எதைத் தேடுகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், விரலால் தொட்டுக் காட்டத் தொடங்கினார்.

“இதப் பாருங்க தம்பி, இந்த மூடிய மட்டும் வாரத்துக்கு ஒருக்கா கழட்டிக் கிரீஸ் வெப்போமுங்க. மத்ததெல்லாம் மெஷின் வந்தப்ப முடுக்குனது. நாங்க கை வெக்கலீங்க.”

“கழட்டறப்ப எந்தப் பக்கமுங்கய்யா நிப்பீங்க?”

“இப்படித்தானுங்க” என்று இடது உள்ளங்கையை மெஷினின் மேல்விளிம்பில் ஊன்றி, வலது கையால் ஸ்பேனர் பிடிப்பதாகக் காட்டினார்.

அவர் சொன்னபிறகு பார்த்தால் எல்லாமே எழுத்தாகத் தெரிந்தது. வாரந்தோறும் கழற்றும் மூடியின் நான்கு போல்ட்டுகளுக்கும் தலை முனைகள் மழுங்கியிருந்தன. ஸ்பேனர் வழுக்கிய இடங்களில் பிறைவடிவத்தில் பளிச்சென்ற வெட்டுகள். அதே வரிசையில், ஒரு சாண் தள்ளியிருந்த போல்ட்டுகளின்மேல் பெயின்ட் ஏறி, தலைக்கும் தகட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிகூட மூடியிருந்தது. கிரீஸ் பிதுங்கிய இடத்தில் கரிமண் ஒட்டி, பழைய சைக்கிள் செயின்போலக் கறுத்துத் தடித்திருந்தது. மண்வாரி இடித்த மூலையில் பெயின்ட் பெயர்ந்திருந்தது. வெளியே வெளிர்பச்சை, அதற்குள் ரெட் ஆக்சைடின் செம்மண் நிற வளையம், நடுவில் இரும்பு. இடி புதிதாக விழுந்த இடத்தில் இரும்பு சாம்பல் நிறத்தில் மினுங்கியது. பழைய இடியில் துரு ஏறி, ரெட் ஆக்சைடு எங்கே முடிகிறது, துரு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் கை ஊன்றிய இடத்தில் பெயின்ட் உரியவில்லை. எண்ணெய்க் கை பட்டுப் பட்டு வழவழப்பாகி, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மங்கலாக மினுக்கிக்கொண்டிருந்தது. இரும்பு இடித்தால் தோல் போகிறது. மனிதக் கை பட்டால் மெருகு ஏறுகிறது. இந்த இரண்டையும் 'தேய்மானம்' என்று ஒரே பெட்டியில் போட்டு வைத்திருக்கும் மென்பொருளால் இந்த வேறுபாட்டைச் செய்துகொடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்து என் ரோபோவின் ஒரு நாள் வேலையை முதலில் எழுதினேன். எந்தக் கையால் எதைத் தூக்குகிறது, வார்ப்பைத் தூக்கும்போது எந்த முழங்கையில் சூடு படுகிறது, திரும்பும்போது எந்த இடுப்பு தூணில் இடிக்கிறது, எந்த மூடியை யார் எப்போது திறக்கிறார்கள். அந்தப் பட்டியல் கைக்கு வந்தபிறகுதான் தூரிகையை எடுத்தேன். மார்பில் இருக்கும் ஆறு போல்ட்டுகளில் எந்த இரண்டு மழுங்கியிருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். பார்ப்பவர்களுக்கு அது தெரியப்போவதில்லை. ஆனால் யாரோ தெரிந்து செய்திருக்கிறார்கள் என்பது மட்டும் எப்படியோ கண்ணுக்கு எட்டிவிடுகிறது.

நிஜ ரோபோக்களின் படங்களில் என்னை அதிகம் அசைத்தது கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயிலிருந்து அனுப்பிய அதன் சக்கரங்களின் படம். 2012 ஆகஸ்ட்டில் இறங்கியது. அலுமினியச் சக்கரங்களின் மேல்தோல் முக்கால் மில்லிமீட்டர்தான். கூர்ப்பாறைகளின்மேல் உருண்டு உருண்டு அதில் ஓட்டைகள் விழுந்து, கிழிந்து, ஓரங்கள் உள்நோக்கி மடங்கிவிட்டன. தன் கையின் நுனியிலிருக்கும் கேமராவால் அதுவே தன் சக்கரங்களைப் படமெடுக்கிறது. பூமியில் பொறியாளர்கள் அந்தக் கிழிசல்களைப் பார்த்துப் பாதையை முடிவு செய்கிறார்கள். மனிதர் ஒருவரும் பக்கத்தில் இல்லாத இடத்தில் ஓர் இயந்திரம் பட்ட பாடு அந்தத் தகட்டில் அப்படியே இருக்கிறது. எந்த ஓவியரும் கற்பனையில் அந்தக் கிழிசலை அவ்வளவு சரியாகக் கிழித்திருக்க முடியாது.

வெளிச்சத்துக்கும் அந்தப் பவுண்டரியையே நம்பினேன். ஓர் இடத்தின் வெளிச்சத்தைச் சுற்றுவட்டமாக, பல ஒளி அளவுகளில் படமெடுத்து, அதையே கணினிப் பொருளுக்கு விளக்காக்கும் வழியைப் பால் டெபெவெக் 1998இல் காட்டினார். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு நடுவே பதித்த வெளிர் ஃபைபர் ஷீட் வழியாகச் சாயங்கால வெளிச்சம் இறங்கும் நேரத்தில் அப்படி எடுத்துவந்தேன். இப்போது ரோபோவின் வயிற்று வளைவை உற்றுப் பார்த்தால், சுவரில் மாட்டிய நாள்காட்டியும் ஆணியில் தொங்கும் சாப்பாட்டுப் பையும் வளைந்து நெளிந்து தெரிகின்றன. உலை வெளிச்சத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். நெருப்பின் செந்நிறம் வந்தால் எல்லாம் சினிமாவாகிவிடும். ஷிஃப்டு முடிந்த நேரத்தில் உலை கவனத்தைக் கேட்கக் கூடாது.

கணினி இந்த வெளிச்சத்தைக் கணக்கிடும் விதம் எனக்கு இன்னும் வியப்புதான். 1986இல் ஜேம்ஸ் கஜியா எழுதிய சமன்பாட்டின் வழியில், கேமராவிலிருந்து கதிர்களைப் பின்னோக்கி அனுப்புகிறது. ஒவ்வொன்றும் எங்கோ பட்டு, சிதறி, மறுபடி பட்டு, கடைசியில் ஏதாவது ஒரு விளக்கைக் கண்டடைகிறது. முதலில் திரை முழுக்கப் புள்ளிப்புள்ளியாக இரைச்சல். கதிர்கள் கூடக்கூட உருவம் தெளிகிறது. இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர்கள் வேண்டும். மேலும் பாதியாக்க இன்னும் நான்கு மடங்கு. என் பழைய கணினிக்கு அதற்கு இரவு முழுக்கத் தேவைப்படுகிறது. காத்திருக்கும் நேரம் வீணல்ல. தெளியத் தெளியப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எந்த அழுக்கு அளவுக்கு மிஞ்சியது என்று புரிகிறது.

இதையெல்லாம் காசு கொடுக்காமல் செய்ய முடிகிறது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நான் பயன்படுத்துவது பிளெண்டர். டான் ரூசெண்டால் நெதர்லாந்தில் 1990களில் தொடங்கிய மென்பொருள். அதை நடத்திய நிறுவனம் நொடித்தபோது, மூலநிரலை மீட்க 1,00,000 யூரோ தேவைப்பட்டது. பயன்படுத்துவோரிடமே கையேந்தினார்கள். ஏழு வாரத்தில் சேர்ந்துவிட்டது. 2002 அக்டோபரில் அது எல்லோருக்கும் பொதுவாயிற்று. முகம் தெரியாத அந்த மனிதர்கள் போட்ட பணத்தின்மேல்தான் என் இரவுகள் உட்கார்ந்திருக்கின்றன.

இரண்டு வரி எழுதிக்கொடுத்தால் சில நொடிகளில் துருப்பிடித்த ரோபோவைக் கொட்டும் கருவிகள் வந்துவிட்டனவே, இன்னும் ஏன் இந்தப் பாடு என்று நண்பர்கள் அக்கறையோடு கேட்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்க்கிறேன். சில அழகாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றில் ஒரு போல்ட்டைக் காட்டி இதை யார் கழற்றினார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. எனக்கு வேண்டியது படம் மட்டுமென்றால் அது போதும். எனக்கு அந்த மெஷினைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வாரம் ஒருமுறை கிரீஸ் வைப்பவரின் உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்தப் படம் இல்லாவிட்டால் என் வாழ்நாளில் அதைக் கேட்டிருக்கவே மாட்டேன்.

முகம் வைப்பதா என்று வெகுநாள் தயங்கினேன். மனித முகத்தை ஏறக்குறைய எட்டிப்பிடித்து நின்றுவிடும் உருவங்கள் நமக்கு ஒவ்வாமையைத் தருகின்றன என்று மசஹிரோ மோரி 1970இலேயே எழுதினார். பிக்சாரின் 'வால்-இ' 2008இல் ஒரு பைனாகுலரை மட்டும் கண்ணாக வைத்துக்கொண்டு உலகத்தையே உருகவைத்தது. என்னுடையதற்கு அந்த உருக்கமும் வேண்டாமென்று விட்டேன். கீறல் விழுந்த காப்புக்கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு லென்சுகள், அவ்வளவே. பார்ப்பவர் அதன் முகத்தைத் தேடாமல் அதன் கைகளைப் பார்க்கட்டும்.

இப்போது நின்றுகொண்டிருப்பது தோளில். மார்பு மூடியைத் திறக்க வருபவர் இடது கையை ஊன்றும் இடம் அது. உள்ளங்கை மெருகை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று அளக்கப் போனபோது, அந்த ஆளின் உயரத்தை முடிவு செய்ய வேண்டி வந்தது. பவுண்டரியில் அன்று மூலையில் மணல் கருக்களை அடுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் ஐந்தடிக்கு மேல் இருக்க மாட்டார். இந்த இயந்திரனுக்குக் கிரீஸ் வைக்கும் வேலையை அவருக்கே கொடுத்துவிட்டேன். படத்தில் அவர் வரமாட்டார். ஆனால் இப்போதிருக்கும் உயரத்தில் தோள் அவர் கைக்கு எட்டாது. அதனால் இடுப்புக்கு மேலே உள்ள உடற்பகுதி முழுவதையும் குறைத்துச் செய்துகொண்டிருக்கிறேன். தோள் இறங்கினால் கையின் நீளம் மாறும், கை மாறினால் முழங்கையில் சூடு படும் இடம் மாறும், வரைந்து முடித்த கரித்தடங்களில் பாதியை அழித்து மறுபடி வரைய வேண்டும். நேற்று வலது முழங்கை முடிந்தது.